கரையாக நின்ற மண்

எல்லைக்கல்லுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அதுவும் என் கூடப்பிறந்த தங்கை ஷர்லி. ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். ஜேசிபியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, அவள் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவோம் என்று ஓடைப் பக்கம் இறங்கினேன். வீட்டில் ஆள் இல்லை. ஆடுகள் மட்டும் பட்டியில் நின்றபடி என்னைப் பார்த்துக் கத்தின. அவள் கடலைக் கொல்லையின் மூலையில், சர்வே கல்லுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போக, ஒரு கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையில் தீக்குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். போதாததற்குக் கல்லின் நெற்றியில் யாரோ குங்குமம் வேறு வைத்திருந்தார்கள்.

"என்னத்தா இது, கவர்மெண்டு கல்லுக்குப் பூசையா?"

"சிரிக்காதண்ணே. அந்தோணியார் எறங்கியிருக்காரு. கல்லச் சுத்திப் பாரு."

பார்த்தேன். முப்பது சென்ட் கொல்லையும் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. செடி ஒரு சாண் கூட எழும்பவில்லை, இலையெல்லாம் காலையிலேயே சுருண்டு தொங்கியது. கல்லைச் சுற்றி மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, கடலை கருகருவென்று நின்றது. அங்கிட்டு நடந்து போய் மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தேன். நாலு கல், நாலு பச்சைத் திட்டு. எனக்கே ஒரு நிமிஷம் மேல் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லக் கூடாது.

அந்தக் குங்குமம் ஆண்டியப்பன் வைத்தது. ஓடைக்கு மேலே இருக்கிற மேய்ச்சல் தரிசில் அறுபது ஆட்டை வைத்துக்கொண்டு வெயிலோடு வெயிலாகத் திரிகிற மனுஷர். அவர் கணக்கில் அது அந்தோணியார் இல்லை, ஓடைக்குக் காவல் இருக்கிற முனியன். இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசி முடித்துக்கொண்டார்களாம், செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு, வெள்ளிக்கிழமை முனியனுக்கு. பதிமூன்று செவ்வாய் ஏற்றினால் பச்சை நடுக்கொல்லைக்கும் பரவும் என்று ஷர்லி நேர்ந்திருந்தாள். அது மூன்றாவது செவ்வாய்.

என் பெயர் ஆரோக்கியமுத்து. ஆவூர்ப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வருஷமாக ஜேசிபி ஓட்டுகிறேன். கண்மாய், கிணறு, கல்யாண மண்டபம், எல்லாவற்றுக்கும் முதல் மண் என் பக்கெட்டில்தான் எழும்பியிருக்கிறது. மட்டம் பார்ப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவன் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை நான் சீட்டில் உட்கார்ந்தபடி இடுப்பால் பார்த்துவிடுவேன். இதை நானே சொல்வதாக நினைக்க வேண்டாம், ஊரே சொல்லும். அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது.

எங்கள் அப்பா விட்டுப் போனது மூன்று துண்டு. ரோட்டோரச் செம்மண் இரண்டையும் நானும் என் தம்பி லியோவும் எடுத்துக்கொண்டோம். ஷர்லி அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். புருஷன் செத்த பிறகு, பதினாலு வருஷத்துப் பஞ்சுத் தூசியை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, இருமிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தாள். மகள் ஜாஸ்பின் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஷர்லிக்கென்று மிச்சம் இருந்தது நரியோடைப் படுகை, யாரும் திரும்பிப் பார்க்காத நிலம். நரியோடை வருஷத்தில் பத்து நாள் ஓடினால் பெரிது, மற்ற நாளெல்லாம் வெறும் மணல். ஓடையிலிருந்து தரை படிக்கட்டு மாதிரி ஏறும். முதல் படியில் மணலும் கோரையும். ஆள் உயரம் ஏறினால் அடுத்த படி, அதுதான் படுகை. அதற்கு மேலே சரளைக் கல்லும் சீமைக்கருவையும் ஆவாரஞ்செடியுமாக ஆடு மேய்கிற மேடு. தங்கச்சிக்கு இதைக் கொடுத்தோமே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. அவளோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

அந்த உறுத்தலுக்குத்தான் வைகாசி மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு வண்டியைக் கொண்டுபோய் இறக்கினேன். மேடும் பள்ளமுமாகக் கிடந்த படுகையை கேரம் போர்டு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். வழித்த மண்ணையெல்லாம் ஓடை ஓரமாகத் தள்ளி, நெஞ்சு உயரத்துக்கு ஒரு கரையும் கட்டினேன், வெள்ளம் வந்தால் உள்ளே ஏறக் கூடாது என்று. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லைக்கல்லை மட்டும் தொட மாட்டோம். கல் ஆடினால் சர்வேயர் வர வேண்டும், பங்காளிச் சண்டை வரும், பழி ஆபரேட்டர் தலையில் விடியும். அதனால் கல்லைச் சுற்றி ஒரு பக்கெட் அகலம் விட்டுத்தான் வழிப்போம். வேலை முடிந்தபோது நாலு மூலையிலும் கல் ஒரு சின்ன மேடையில் ஏறி நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஷர்லி அன்றைக்கு எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். "ஒரு அண்ணன் செய்ற வேலையா இது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆடிப்பட்டத்தில் கடலை போட்டாள். அவளுக்குப் பருப்பை விடக் கொடிதான் முக்கியம். தை பிறந்துவிட்டால் மேய்ச்சல் தரிசில் ஆடு கடிக்க ஒன்றும் இருக்காது. காய்ந்த கடலைக்கொடி ஒரு போர் இருந்தால் பதினோரு ஆட்டையும் கோடை தாண்ட வைத்துவிடுவாள். கொடி இல்லையென்றால் ஆட்டை விற்க வேண்டும். ஆட்டை விற்றால் திரும்பவும் திருப்பூர். "கடலை வந்தா இங்கிட்டு இருப்பேன், வரலைன்னா தை மாசம் பஸ் ஏறிடுவேன்" என்று ஆடியிலேயே சொல்லிவிட்டாள். அவள் பஸ் ஏறினால் எப்படித் திரும்பி வருவாள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

செடி மஞ்சளானதும் நான் விதையைக் குறை சொன்னேன். பிறகு மழையைக் குறை சொன்னேன். வெயில், ஊர்க்கண்ணு, வேர்ப்புழு, எதையும் விடவில்லை. வாய் இருக்கிறவனுக்குக் காரணமா கிடைக்காது.

புரட்டாசி முதல் வாரம் ஒரு வேலை வந்தது. மண் வகைகளை ஊர் ஊராகப் பார்த்துப் படம் போடுகிற ஒரு ஆபீஸிலிருந்து சரண்யா என்று ஒரு மேடம். முப்பது வயது இருக்கும், தலையில் தொப்பி, காலில் என்னுடையதை விடப் பெரிய பூட்ஸ். படுகையில், ஷர்லி நிலத்துக்கு மேற்கே இரண்டு துண்டு தள்ளி, யாரும் வண்டி விடாத ஒரு தரிசில் குழி வேண்டும் என்றார். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி ஆழம். அளவைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தோண்டி முடித்தபோது ஆண்டியப்பன் ஆடுகளோடு வந்து நின்று குழியை எட்டிப் பார்த்தார்.

"ஏப்பா ஆரோக்கியம், யாருக்குக் குழி? ஊர்ல யாரும் விழலையே."

"ஒனக்குத்தான். அளவு சரியா இருக்கான்னு எறங்கிப் பாரு."

"எங்க ஆளுகள எரிக்கிறதுதான். நீயே படுத்துக்க."

மேடம் சிரிக்கவில்லை. ஒரு சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, வெயில் படுகிற பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் செதுக்க ஆரம்பித்தார். பெயின்ட் கடை அட்டை மாதிரி ஒரு புத்தகத்தை விரித்து மண்ணின் நிறத்தைப் பொருத்திப் பார்த்தார். எச்சில் படாத குறையாக மண்ணை ஈரமாக்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரிப் பிதுக்கினார். அது எவ்வளவு நீளத்துக்கு ஒடியாமல் வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். இருபத்திரண்டு வருஷமாக மண்ணோடு கிடக்கிறேன், மண்ணை இப்படி யாரும் கொஞ்சி நான் பார்த்ததில்லை.

"அண்ணே, எறங்கி வாங்க. இந்தப் பக்கம் புடிங்க," என்று டேப்பை நீட்டினார். வேறு வழியில்லாமல் இறங்கினேன். நான் தோண்டிய குழிக்குள் நான் இறங்கியது அதுதான் முதல் தடவை. எத்தனையோ ஆயிரம் குழி வெட்டியிருக்கிறேன், எல்லாம் மேலேயிருந்துதான்.

சுவர் நான் நினைத்த மாதிரி ஒரே மண்ணாக இல்லை. மேலே ஒரு சாண் அளவுக்கு, கருப்பு கலந்த பழுப்பு. தொட்டால் மெத்தென்று இருந்தது, புல் வேரெல்லாம் சேமியா மாதிரிப் பின்னிக் கிடந்தது. அந்தச் சாண் முடிந்ததும் கோடு கிழித்த மாதிரி நின்றுபோய், இரண்டடிக்கு வெறும் மணலும் கூழாங்கல்லும். அதில் ஒரு வேர் இல்லை. கையை வைத்தால் உப்பு மாதிரிச் சரிந்து கொட்டியது. அதற்குக் கீழே மறுபடியும் பழுப்பு வண்டல், ஈரத்தோடு. மேலே நின்ற உடைமரத்தின் ஆணிவேர் ஒன்று மணலை நேராகக் கடந்து வந்து, அங்கேதான் கைவிரித்துப் பரவியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் கட்டிகள். மேடம் ஒரு பாட்டிலிலிருந்து ஆசிட் சொட்டு விட்டதும் அவை சோடா மாதிரிப் பொங்கின.

"ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளம்ணே," என்றார் மேடம். "ஓடை வேகமா வந்தா மணலப் போட்டுட்டுப் போகும். பின்வாங்கி நின்னு நிதானமாப் போனா வண்டலப் போடும். இந்த மேல் சாண் சேர்றதுக்கு எத்தன வருஷம் ஆச்சோ. இங்க வெள்ளாமைன்னு ஒண்ணு வந்தா, தண்ணியப் புடிச்சு வச்சுக்கிறதும் இதுதான், சோறு போடுறதும் இதுதான். கீழ இருக்குற மணல்ல நீங்க அண்டா அண்டாவா ஊத்துனாலும் நிக்காது."

எனக்கு அப்போது மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த நிமிஷமே உறைத்தது. நாலு கல், நாலு மேடை, நாலு பச்சைத் திட்டு. அந்தோணியாரும் இல்லை, முனியனும் இல்லை. என் பக்கெட் தொடாத இடம், அவ்வளவுதான். வைகாசியில் கேரம் போர்டு ஆக்கினேனே, அது வழித்தது இந்தச் சாணை. தங்கச்சி நிலத்தின் சோற்றை வழித்தெடுத்து ஓடைக்கரையில் குவித்துவிட்டு, அவளுக்கு மணலைக் கொடுத்துவிட்டு, அவள் கையாலேயே கோழிக்குழம்பும் தின்றிருக்கிறேன்.

"மேடம், சும்மா கேக்குறேன். ஒருத்தன் இந்த மேல் சாண வழிச்சுப்புட்டா என்ன ஆகும்?"

"எவன் அப்படிப் பண்ணான்?"

"எங்க ஊர்ல ஒருத்தன்."

மேடம் கத்தியைத் துடைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த மண்ணு இப்ப எங்க இருக்கு?"

"கரையா நிக்குது."

"அப்பப் போகலையே. திருப்பிப் போடச் சொல்லுங்க. உள்ள வண்டிய மட்டும் எறக்க வேணாம்னு சொல்லுங்க, வண்டி வெயிட்டுல மண்ணு இறுகிப்போகும். ஒரே வருஷத்துல பழையபடி வந்துடாது. ஆனா வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரை எதுக்குப் போட்டாராம் அந்த ஒருத்தர்?" என்று கேட்டார்.

"ஓடைத் தண்ணி உள்ள வந்துடக் கூடாதுன்னு."

"ஓடை வந்து வந்துதானேண்ணே இந்த நிலமே ஆச்சு," என்றார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் வேலை இருந்தது. அதற்கு மறுநாள் வேலை இல்லை, இருந்தும் போகவில்லை. மட்டம் பார்ப்பதில் பேர் வாங்கியவன், மட்டம் பார்த்தே கெடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊரில் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும், டீக்கடையில் என்னைக் குழம்பு வைத்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை வந்தது. ரோட்டிலிருந்து பார்த்தேன், ஷர்லி கல்லுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். மேலத்தெருப் பெண்கள் இரண்டு பேர் வேறு கூடச் சேர்ந்திருந்தார்கள். உப்பும் மிளகும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வண்டிச் சத்தத்துக்கு அவள் திரும்பிப் பார்த்தாள், நான் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். என் பெண்சாதி அருள்ராணி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள். "மனசுக்கு" என்று சொல்ல வாய் வந்தது, சோற்றோடு சேர்த்து முழுங்கிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் ஷர்லியே போன் பண்ணினாள். "அண்ணே, கோயில் வேதியரு கல்லப் பாக்க வாராரு. நீயும் வந்துடு, நீதான மட்டம் பண்ணினது," என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இது இப்படியே போனால் கல்லுக்குக் கூரை போட்டுக் கொடியேற்றிவிடுவார்கள். பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கிற அந்த வேதியர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், அவளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மம்பட்டியால் கரையை ஒரு கொத்துக் கொத்தி, கருப்பு மண்ணை அள்ளி அவள் ஒரு கையில் வைத்தேன். கொல்லையின் நடுவிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி இன்னொரு கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழி, வரி, சாண், கல், எல்லாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"பன்னெண்டு நாளா."

"பன்னெண்டு நாளு. நடுவுல ஒரு செவ்வாக்கெழம வந்துச்சு." மணலைக் கீழே கொட்டினாள். "மண்ண வழிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. அது தெரியாமச் செஞ்ச. நான் முட்டி போட்டுக் கெடந்தத ரோட்டுல இருந்து பாத்துட்டுப் போன பாரு, அது தெரிஞ்சு செஞ்ச."

கையில் இருந்த கருப்பு மண்ணை மட்டும் கொட்டாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வேதியருக்கு நான்தான் பதில் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், ரொம்ப நேரம் சிரித்தார். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. "முனியன் மண்ணுக்குள்ள இருக்க மாட்டானா என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. போன் எடுக்கவில்லை. ஊர் பேசியது, வேண்டியமட்டும் பேசியது. 'மட்டம் ஆரோக்கியம்' என்று எனக்குப் பேரும் வைத்தாயிற்று. அது எனக்கு வலிக்கும் என்று நினைத்திருந்தேன், வலிக்கவில்லை. தங்கச்சி பேசாததுதான் வலித்தது.

எட்டாம் நாள் காலை வண்டியில் போகும்போது பார்த்தேன். ஷர்லி தனியாகக் கரையை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பட்டிக்கு நேர் கீழே, ஓடை கீழே இறங்கிப் போகிற கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். ஒரு சட்டி மண்ணை வெட்டுவது, தலையில் தூக்குவது, செடி கருகிப்போன நடுக்கொல்லையில் கொட்டுவது, திரும்பி வருவது. நடுநடுவே நின்று இருமுவது. வண்டியை ரோட்டில் அணைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"வண்டி உள்ள வரக் கூடாது," என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே.

"வண்டி வராது. நான் வரலாமா?"

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மம்பட்டி கரை மேலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்குப் போய்விடுவேன். எட்டு மணி வரைக்கும் மண், பிறகு என் பிழைப்பு. லிவர் பிடித்த கைக்கு மம்பட்டி பிடிபடவில்லை. இரண்டாம் நாளே உள்ளங்கை பொத்துவிட்டது. வயிறு வேறு குறுக்கே நின்றது. ஜேசிபி ஒரு அரை மணி நேரத்தில் தள்ளிய மண்ணை எடுத்துப் போட எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. "மெசினு ஏப்பம் விட்டத மனுசன் நக்கித் தின்னுறான்" என்று ஆண்டியப்பன் கேலி செய்தார். சொல்லிவிட்டு அவரும் ஒரு கை பிடிப்பார், ஆடு வேலி தாண்டினதும் ஓடிவிடுவார். ஷர்லி வேலை சம்பந்தமாக மட்டும் பேசினாள். "இங்கிட்டுக் கொட்டு", "பரப்பி விடு", "போதும்". மூன்றாம் வாரத்தில் ஒருநாள் எனக்கும் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கரை மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. இருந்தாலும் அதைக் குடிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் பட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கடலையைப் பிடுங்கிப் போட்டோம். நாலு திட்டிலும் சேர்த்து ஒரு கூடை காய், அரைக்கட்டுக் கொடி. ஆடுகளுக்கு நாலு நாளைக்குக் காணும். ஐப்பசி பாதியில் திருப்பூரிலிருந்து அவளுடைய பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டதாகவும், தை பிறந்ததும் வருவதாக இவள் சொன்னதாகவும் அருள்ராணி மூலம் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலை வழக்கம்போல மண் சுமந்தோம். போகிறவள் எதற்கு இப்படிச் சுமக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஐப்பசிக் கடைசியில், மூன்றில் ஒரு பங்கு கரை எடுத்திருந்தபோது, எனக்கு ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்பு வேலை வந்தது. மூன்று நாள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. அப்படி ஒரு மழையை நான் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. ஷர்லிக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. லியோவைப் பிடித்தேன். "ஓட ரெண்டு கரையும் பொங்கிப் போகுதுண்ணே. அவ வீடு மேட்டுலதான் இருக்கு, ஆளுக்கும் ஆட்டுக்கும் ஒண்ணுமில்ல. கொல்லதான் முழுகிக் கெடக்கு," என்றான்.

கொல்லை முழுகிக் கிடக்கிறது. கரையை முழுசாக விட்டிருந்தால் தண்ணீர் உள்ளே ஏறியிருக்காது. அவள் எடுத்துத் திறந்துவிட்ட கிழக்கு ஓரம் வழியாகத்தான் ஏறியிருக்க வேண்டும். முதலில் கரை கட்டிக் கெடுத்தேன், இப்போது கரையை எடுக்கவைத்துக் கெடுத்தேன். ஐந்து வாரம் சட்டி சட்டியாகச் சுமந்தது ஓடையோடு போயிருக்கும். ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஆண்டவரிடம் எதையும் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எந்த முகத்தோடு கேட்பது.

மழை விட்டிருந்தது. ஓடைப் பக்கம் இறங்கும்போது காலை ஏழரை இருக்கும். ஓடை இன்னும் செங்காவியாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தன் குழிக்குள் இறங்கிவிட்டது. மேற்கே கரை அப்படியே நின்றது. வேகமாக வந்த தண்ணீரெல்லாம் அதில் மோதி ஒதுங்கிப் போயிருக்கிறது. கிழக்கே நாங்கள் எடுத்த இடைவெளியில் ஓடை பின்வாங்கி, திரும்பி, மெதுவாக உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு நாள் நின்றிருக்கிறது. வந்த வழியே வடிந்திருக்கிறது. நாங்கள் கொட்டின மண் எங்கேயும் போகவில்லை. அதன் மேல், முப்பது சென்ட்டுக்கும், யாரோ கரண்டி வைத்துத் தேய்த்துவிட்ட மாதிரி புது வண்டல் படிந்து பளபளத்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. என் இடுப்பால் பார்த்தேன். அப்படி ஒரு மட்டம் என் கைக்கு இருபத்திரண்டு வருஷத்தில் வந்ததில்லை.

ஷர்லி வரப்பு ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஆள்காட்டி விரலை வண்டலில் விட்டு எடுத்து எனக்குக் காட்டினாள். இரண்டாவது கணு வரைக்கும் அப்பியிருந்தது.

"மிச்சக் கரையையும் எடுத்துருவோமா?" என்று கேட்டேன்.

"மேக்கால உள்ளத உடனே எடுக்கப்புடாது. எடுத்தா நேரா வந்து அரிச்சுப்புடும். இது வர்ற வழி இங்கிட்டுதான்." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "அங்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் பாத்துக்குவோம்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கப் போனேன்.

"எறங்காதண்ணே. காலு பட்டா எறுகிப்போகும்." அவள் எழுந்து நின்றாள். மடி கனத்துத் தொங்கியது. கொள்ளு. "திருப்பூர்ல என் கூட மன்னார்குடிக்காரி ஒருத்தி வேல பாத்தா. அவங்க ஊர்ல ஈரச் சேத்துல உளுந்து தெளிப்பாங்களாம், உழுவ மாட்டாங்களாம். கொள்ளும் வராமயா போயிரும். இந்தா."

இரண்டு கையையும் ஏந்தினேன். மடியிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். பொத்துப்போய்க் காய்த்திருந்த உள்ளங்கையில் விதை குளிர்ச்சியாக விழுந்தது. கார்த்திகையில் தெளித்தால் கொள்ளு அறுக்க மாசி ஆகிவிடும். அவள் பஸ் ஏறுவதாகச் சொன்ன தை மாதத்தைத் தாண்டித்தான்.

"நீ அந்த ஓரமாப் போயி நின்னு வீசு. நடுவுல கொஞ்சம் எட்டி வீசு," என்றாள்.

எதிர் வரப்புக்குப் போய் நின்று, கை கொண்ட மட்டும் எட்டி வீசினேன். அவள் அங்கேயிருந்து வீசினாள். வழவழவென்று கிடந்த வண்டலில் விதை விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி விழுந்தது. ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஒரு கொள்ளு, பாதி முழுகியும் பாதி தெரிந்துமாகக் கிடந்தது.